ஊர் மாறிய பிறகு புதிய ஸ்டூடியோவில் மிக்ஸட் லெவல் போல் டான்ஸ் (கம்ப நடன) வகுப்பு: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி இது: "சிங்கப்பூரில் போல் டான்ஸ் எட்டு மாதம் கற்றேன். கம்பத்தில் ஏறி உட்காருவேன், தரையிலிருந்து இன்வர்ட் (தலைகீழாகப் போவது) வரும், லெக் ஹேங் (ஒரு காலை மாட்டித் தலைகீழாகத் தொங்குவது) வலது பக்கம் மட்டும் செய்வேன். இப்போது டொராண்டோவுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தோதான நேரத்தில் இங்கே இருப்பது எல்லா நிலையினரும் ஒன்றாகச் சேரும் மிக்ஸட் லெவல் வகுப்பு மட்டும்தான். போகலாமா? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?"

தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு வகுப்புகளுக்கு உங்களை நீங்களே ஒரு படி கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அதே உடம்புதான். கம்பம் வேறு, அறையின் குளிர் வேறு, காற்றின் ஈரம் வேறு, சொல்லிக்கொடுப்பவர் வேறு. 'எனக்கு வரும்' என்று நாம் நினைக்கும் ட்ரிக்குகளில் பலவும் பழகிய கம்பத்தின் பிடிமானத்தை நம்பித்தான் வருகின்றன. அந்தக் கம்பத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வகுப்பின் வேலை. புதிதாக எதையாவது சாதித்துவிட்டு வர வேண்டும் என்று போகாதீர்கள்.

(இதுவே கம்பத்தை முதன்முறையாகத் தொடப்போகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அவர் ஆறு அல்லது எட்டு வாரம் ஓடும் தொடக்கநிலை வகுப்பைத் தேடிப் போவதே நல்லது. ஏறுவது, இறங்குவது, தோள்பட்டையை இறக்கி வைத்துத் தொங்குவது ஆகிய மூன்றும் பழகாமல் மிக்ஸட் வகுப்புக்குப் போனால், பாதி நேரம் மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதிலேயே கழியும்.)

பதிவு செய்வதற்கு முன் ஸ்டூடியோவுக்கு ஒரு செய்தி அனுப்பி நான்கைந்து விஷயங்களைக் கேளுங்கள். கம்பத்தின் விட்டம் எவ்வளவு, மேற்பூச்சு என்ன, ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு அதிகபட்சம் எத்தனை மாணவர்கள், தலைகீழாகப் போகிறவர்களுக்கு கிராஷ் மேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை) இருக்கிறதா. இதற்குத் தெளிவாகப் பதில் வந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். 'நேரில் வந்து பாருங்கள்' என்று மட்டும் பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

விட்டத்தை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஸ்டூடியோக்களில் அதிகம் காண்பது 45 மி.மீ. கம்பம். சர்வதேசப் போட்டிகளிலும் அந்த அளவுதான் வழக்கம். ஒன்று சுழலாத கம்பம், மற்றொன்று சுழலும் கம்பம் என இரண்டை நிறுத்துவார்கள். ஆனால் பழைய ஸ்டூடியோக்களில் 50 மி.மீ. கம்பங்கள் இன்னும் உண்டு. சின்னக் கைகளுக்காக 40 மி.மீ. போட்டிருக்கும் இடங்களும் உண்டு. 5 மி.மீ. என்றால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சுற்றளவில் அது ஏறக்குறைய 16 மி.மீ.: 45-க்கு 141, 50-க்கு 157. பெருவிரலும் மற்ற விரல்களும் சந்தித்துக்கொண்டிருந்த கையில் திடீரென்று இடைவெளி விழும். கையை மட்டுமே நம்பும் ட்ரிக்குகள், அதாவது ஸ்பின் (கம்பத்தைப் பிடித்துச் சுற்றுவது), இன்வர்ட், ஆயிஷா (கைப்பிடியில் கால்களை விரித்துத் தலைகீழாக நிற்பது) போன்றவை, தடித்த கம்பத்தில் கனக்கும். முன்கை சீக்கிரம் இறுகிப்போகும். தொடையாலோ முழங்கால் மடிப்பாலோ பிடிக்கும் ட்ரிக்குகளில் அந்த அளவுக்கு நஷ்டம் தெரியாது. சிலருக்குத் தடித்த கம்பத்தில் உட்காருவது இன்னும் வசதியாகவே இருக்கும்.

மேற்பூச்சும் அதே அளவுக்கு முக்கியம். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பித்தளைக் கம்பத்தை விரும்பிப் போடுவதுண்டு. வியர்வையிலும் ஓரளவு பிடிக்கும். குரோம் எங்கும் உள்ளது, பிடிமானம் நடுத்தரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இவற்றைவிட வழுக்கும். பவுடர் கோட்டிங் செய்த கம்பம் நன்றாக ஒட்டும், ஆனால் சுழலாத கம்பத்தில் ஸ்பின் போட்டால் தோலைத் தேய்த்துச் சிவக்க வைத்துவிடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். குரோம் பூச்சுக்கு அடியில் நிக்கல் படலம் இருப்பது வழக்கம்.

இனி உங்கள் விஷயத்தில் மிக முக்கியமானது, தட்பவெப்பம். சிங்கப்பூரில் உங்களுக்கு இருந்த பிரச்சினை வியர்வை. டொராண்டோவின் குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் அறையில், காற்று வறண்டு கிடக்கும். கையும் தொடையும் காய்ந்துபோயிருக்கும். கம்பம் சில்லென்று இருக்கும். காய்ந்த தோலும் குளிர்ந்த உலோகமும் சேர்ந்தால் வியர்த்த கையைவிட மோசமாக வழுக்கும். அங்கே நீங்கள் பழகிய லிக்விட் சாக் (liquid chalk), ட்ரை ஹேண்ட்ஸ் மாதிரியான பொருள்கள் எல்லாம் ஈரத்தை உறிஞ்சுபவை. அவற்றை இங்கே காய்ந்த கையில் பூசினால் இருக்கிற கொஞ்சப் பிடிமானமும் போகும். வறண்ட தோலுக்கென்று டியூ பாயிண்ட் போன்ற பூச்சுகள் தனியாக உண்டு. அது இல்லாவிட்டால், உடம்பு லேசாக வியர்க்கும்வரை வார்ம்-அப் செய்வதே சிறந்த மருந்து. கம்பத்தை உள்ளங்கையாலும் உலர்ந்த துணியாலும் மேலும் கீழும் வேகமாகத் தேய்த்துச் சூடாக்குங்கள், ஓரிரு முறை ஏறி இறங்குங்கள். ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் கம்பம் இன்னும் குளிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். துடைத்த கையோடு ஏறாமல் அரை நிமிடம் விடுங்கள்.

பிடிமானப் பொருள்களில் மூன்றாவது வகை, மெழுகு போல ஒட்டும் ஐடாக் போன்றவை. இவற்றைச் சில ஸ்டூடியோக்கள் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் அடுத்தவருக்குக் கம்பம் பிசுபிசுக்கும். அனுமதித்தாலும் முழங்கால் மடிப்புக்கோ இடுப்பு மடிப்புக்கோ ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். சுழலாத கம்பத்தில் ஸ்பின் போடும்போது உள்ளங்கையில் வேண்டாம். உடம்பு சுற்றும், கை கம்பத்தோடு ஒட்டி நிற்கும், அந்த முறுக்கு முழுவதும் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாடி லோஷன் வேண்டாம் என்று எல்லா ஸ்டூடியோவும் சொல்லும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். முடியை ஒதுக்கிய கை கம்பத்தைத் தொட்டால் போதும், உங்களுக்கும் அடுத்து வருபவருக்கும் வழுக்கும். வகுப்புக்கு முந்தைய நாளிலிருந்தே எண்ணெய்க் குளியல், லோஷன், ஷவர் ஆயில் எதுவும் வேண்டாம். விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், அங்கே மரக்கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசித்தான் ஏறுவார்கள். மரம் வேறு, அதன் பருமன் வேறு, பிடிக்கும் முறையும் வேறு. மல்லர் கம்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு வலு ஏராளமாக இருக்கும். ஆனால் உலோகக் கம்பத்தில் வெறுந்தோலின் உராய்வைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கையில் கட்டிய கயிறு, அரைஞாண், எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோதிரம் கம்பத்தில் கீறல் போடும், அந்தக் கீறல் பிறர் தொடையைக் கிழிக்கும். கழுத்துச் சங்கிலியும் தாலிக்கொடியும் தலைகீழாகப் போகும்போது முகத்தில் விழும், கம்பத்துக்கும் கைக்கும் நடுவே மாட்டும். கழற்ற மனமில்லை என்றால் அன்று தலைகீழ் வேண்டாம். சட்டைக்குள் செருகி வைப்பதெல்லாம் நிற்காது. உடை, தொடையின் உட்புறமும் முழங்கால் மடிப்பும் தெரிகிற ஷார்ட்ஸ். வார்ம்-அப்புக்கு மேலே ஒரு பேன்ட் போட்டுக்கொள்ளலாம், குளிர் ஊரில் அது அவசியமும்கூட. சாதாரண லெக்கிங்ஸோடு போல் சிட் (கம்பத்தைத் தொடைகளால் பிடித்து உட்காருவது) செய்ய முயன்றால் கீழே சறுக்கித்தான் வருவீர்கள். தோல் காட்ட விருப்பமில்லாதவர்களுக்குப் பிடிமானப் பட்டைகள் வைத்த லெக்கிங்ஸ் கிடைக்கிறது.

பத்து நிமிடம் முன்னதாகப் போய் ஆசிரியரிடம் பேசுங்கள். 'நான் இன்டர்மீடியட்' என்று சொல்லாதீர்கள். ஒரு ஸ்டூடியோவின் இன்டர்மீடியட் இன்னொரு ஸ்டூடியோவின் தொடக்கநிலை. அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: 'இரண்டு பக்கமும் ஏறுவேன். போல் சிட்டில் கை விட்டு ஐந்து விநாடி இருப்பேன். தரையிலிருந்து இன்வர்ட் வரும், காற்றில் வராது. லெக் ஹேங் வலது மட்டும். சுழலும் கம்பம் அதிகம் பழக்கமில்லை. இடது தோளில் பழைய வலி உண்டு.' இருபது விநாடியில் அவருக்கு உங்களைப் பற்றி வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். ட்ரிக்கின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜெமினி, ஸ்கார்பியோ என்று சொல்லும் இரண்டு லெக் ஹேங்குகளையும் சில இடங்களில் மாற்றிச் சொல்வார்கள். கம்பத்தை ஒட்டிய பக்கத்துக் காலை மாட்டுவதா, எதிர்ப்பக்கத்துக் காலை மாட்டுவதா என்று கையால் காட்டிக் கேட்டுவிடுங்கள். தவறான காலை எதிர்பார்த்து நிற்கும் ஆசிரியர் தவறான பக்கத்தில் ஸ்பாட் செய்வார் (விழாமல் தாங்க நிற்பார்).

மிக்ஸட் வகுப்பு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்ல ஆசிரியர் ஒரே ட்ரிக்கைப் படிகளாக உடைப்பார். எடுத்துக்காட்டாக, அன்றைய கரு போல் சிட் என்றால், தொடக்கநிலையினர் தரைக்கு அருகில் உட்கார்ந்து பழகுவார்கள், அடுத்தவர்கள் கை விடுவார்கள், மேல்நிலையினர் அதிலிருந்து பின்னால் சாய்ந்து வேறொன்றுக்கு மாறுவார்கள். எல்லோரும் ஒரே பேச்சைக் கேட்கிறார்கள், அவரவர் படியில் நிற்கிறார்கள். உங்களுக்கு இதுதான் சிறந்தது. சில இடங்களில் கம்பத்துக்குக் கம்பம் வேறு வேறு ட்ரிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் சுற்றி வருவார். எட்டுப் பேருக்குள் இருந்தால் இதுவும் நடக்கும்; பன்னிரண்டு பேர் என்றால் உங்கள் முறை வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். இன்னொரு வகை, ஒரு சிறு நடனத் தொடரை எல்லோருக்கும் சொல்லி, நடுவில் வரும் கடினமான இடத்துக்கு மட்டும் மாற்று கொடுப்பது. முதல் நாளுக்கு இது பாதுகாப்பானது, ஜாலியானதும்கூட. தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: கடினமான ஒன்றைச் செய்து காட்டிவிட்டு, 'முடிந்தவரை முயலுங்கள்' என்று விட்டுவிடுவது. அங்கே யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு மணி நேர வகுப்பில் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் வார்ம்-அப்புக்குப் போக வேண்டும். மணிக்கட்டு, தோள்பட்டை எலும்பை ஏற்றி இறக்குவது, இடுப்பு, தொடையின் பின்பக்கம், வயிறு, இவை அதில் வராவிட்டால் நீங்களே ஓரமாகச் செய்துகொள்ளுங்கள். வார்ம்-அப்பைத் தவறவிடும் அளவுக்குத் தாமதமானால் அன்று கம்பத்தில் ஏற வேண்டாம். சில ஸ்டூடியோக்கள் உள்ளேயே விட மாட்டார்கள், அதில் தப்பில்லை.

கம்பத்துக்குப் போனதும் முதலில் அதை ஆட்டிப் பாருங்கள். நெஞ்சு உயரத்தில் பிடித்துத் தள்ளினால் உயரமான கம்பம் லேசாக வளைந்து திரும்பும், அது இயல்பு. மேலே கூரையில் பொருந்தும் இடமோ கீழே தளமோ நகர்ந்தால், 'டக்' என்று சத்தம் கேட்டால், ஏறாமல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். பெரிய வட்டத் தட்டின் மேல் நிற்கும் மேடைக் கம்பம் என்றால் ஆட்டம் கூடுதலாகவே இருக்கும். அதில் வேகமாகப் பாய்ந்து பிடிக்கும் எதுவும் வேண்டாம். பிறகு கையால் திருகிப் பாருங்கள், சுழல்கிறதா, பூட்டியிருக்கிறதா. ஆலன் கீயால் அடியிலுள்ள திருகாணியை இறுக்கிப் பூட்டும் வகையும் உண்டு, வளையத்தைத் திருப்பிப் பூட்டும் வகையும் உண்டு. அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். அரைகுறையாக இறுகிய பூட்டு நடு ஸ்பின்னில் விட்டுக்கொடுக்கும்.

அடுத்து, தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் காதிலிருந்து கீழே இறக்கி, கால்களை மூன்று விநாடி தூக்குங்கள். கை கீழே நழுவுகிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும். நழுவினால் துடையுங்கள், சூடாக்குங்கள், மறுபடி பாருங்கள். நழுவவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரு ஃபயர்மேன் ஸ்பின் (கைகளாலும் முழங்கால்களாலும் கம்பத்தைப் பிடித்துச் சுற்றுவது). அதன்பின் இரண்டு எட்டு ஏறி, போல் சிட், கை விடாமல் இறக்கம். போல் சிட்டில் சறுக்கினால் வலுக் குறைவு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் கம்பம் தொடையின் நடுவில் இருக்கும், அது இன்னும் மேலே, தொடை தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும்; அல்லது குறுக்கே போட்ட கால் தளர்ந்திருக்கும்; அல்லது ஷார்ட்ஸின் துணி நடுவே மாட்டியிருக்கும். தோலைக் கிள்ளுவது போன்ற வலி இங்கே இயல்பு. மரத்துப்போனால், மின்சாரம் பாய்வது போல் இருந்தால் இறங்கிவிடுங்கள்.

சுழலும் கம்பம் உங்களுக்குப் புதிது என்றால் அதைத் தனிப் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சுழலாத கம்பத்தில் வேகத்தை நீங்கள் கொடுக்க வேண்டும், அதனால் காலை வீசிப் பழகியிருப்பீர்கள். அதே வீச்சைச் சுழலும் கம்பத்தில் கொடுத்தால் பம்பரமாகச் சுற்றி, நிறுத்தத் தெரியாமல் கையை விட்டுவிடுவீர்கள். அங்கே ஒரு சின்ன எட்டு வைத்து ஏறினாலே போதும். உடம்பைக் கம்பத்தோடு ஒட்டினால் வேகம் கூடும், கை கால்களை வெளியே நீட்டினால் குறையும். நிறுத்த வேண்டும் என்றால் ஒரு காலை அகல நீட்டுங்கள். தலைச்சுற்றலுக்குப் பார்வையை அறையில் அலையவிடாமல் உங்கள் கை மேலோ கம்பத்தின் மேலோ வைத்திருப்பது உதவும். மூன்று நான்கு முறைக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம், குமட்டல் வந்தபின் அன்றைக்கு மீளாது.

இனி இன்வர்ட். உங்களுக்குத் தரையிலிருந்து வரும் என்கிறீர்கள். எப்படி வருகிறது என்பதே கேள்வி. குதித்து வருகிறதா, இழுத்து வருகிறதா? ஒரு சோதனை: கம்பத்தைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்து, கை மடங்கியபடி, குதிக்காமல் இரண்டு முழங்கால்களையும் நெஞ்சுக்குக் கொண்டுவந்து மூன்று விநாடி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் முடிந்தால் புதிய கம்பத்தில் இன்வர்ட் முயலலாம், மேட் போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க. முடியாவிட்டால் இந்த நிறுத்தத்தையே ஐந்து ஐந்து முறை பயிற்சியாகச் செய்யுங்கள். அதுவே அன்றைய நல்ல உழைப்பு. குதித்து ஏறுவதில் என்ன கெடுதல் என்றால், கால் தரையை விட்ட கணத்தில் மொத்த எடையும் ஒரு வெட்டாகத் தோளிலும் முழங்கை மடிப்புத் தசைநாரிலும் விழும். பழைய கம்பத்தில் கை ஒட்டி நின்றதால் தப்பித்திருப்பீர்கள். புதிய கம்பத்தில் கை ஒரு அங்குலம் நழுவினாலும் இடுப்பு மேலே போகாது, தலை முதலில் பின்னால் சாயும். இதுதான் கழுத்தில் விழும் வழி. வேறொரு பொதுவான தவறு, இடுப்பைத் தூக்குவதற்கு முன்பே தலையைப் பின்னால் எறிவது. பார்வை கூரையை நோக்கிப் போகட்டும், இடுப்பு மேலேறிய பிறகுதான் தலை கீழே வர வேண்டும்.

லெக் ஹேங்கில் நழுவுவதற்குக் காரணங்கள் மூன்று. கம்பம் முழங்கால் மடிப்பின் ஆழத்தில் இல்லாமல் கெண்டைக்கால் பக்கம் இருப்பது. மாட்டிய காலின் குதிகாலைப் பின்புறம் நோக்கி இழுக்காமல் தளர விடுவது. முழங்கால் மடிப்பில் வியர்வை. குளிர் அறையில் நான்காவதாகக் காய்ந்த தோல். கை விடுவதற்கு முன் ஒரு விநாடி நின்று, காலில் எடையை ஏற்றிப் பாருங்கள், தோல் 'கடிக்க' வேண்டும். கடிக்காவிட்டால் கை விடாதீர்கள். முதல் வகுப்பில் ஒரு கையை மட்டும் விட்டுப் பார்த்துத் திரும்பிவிடுவதே போதும். தலைக்கும் தரைக்கும் நடுவே உங்கள் கை எட்டும் தூரத்துக்கு மேல் போகாத உயரத்தில் செய்தால், நழுவினாலும் கையை ஊன்றி இறங்கலாம். பழகாத இடது பக்கத்தைப் புதிய இடத்தில் முதல் நாளே திறக்க வேண்டாம். ஆனால் ஏறுவது, ஸ்பின், போல் சிட் மூன்றையும் இடது பக்கத்திலும் செய்தே ஆக வேண்டும். ஒரு பக்க லெக் ஹேங் என்ற நிலை நீடித்தால் இடுப்பும் தோளும் ஒருபக்கமாக இறுகிக்கொண்டே போகும். இரண்டாவது மாதத்தில் ஆசிரியரிடம் அதையே கேட்டு வாங்குங்கள்.

ட்விஸ்டட் கிரிப் என்று மேல்கையைத் திருப்பிப் பிடிக்கும் எதையும், ஹேண்ட்ஸ்ப்ரிங், ஆயிஷா போன்றவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பக்கத்துக் கம்பத்தில் யாரோ அநாயாசமாகச் செய்துகொண்டிருப்பார்கள். மிக்ஸட் வகுப்பின் உண்மையான ஆபத்து அதுதான். அவர் மூன்று ஆண்டுகளாக வருகிறவராக இருப்பார், நீங்கள் பார்ப்பது கடைசிப் படியை மட்டும்.

கிராஷ் மேட் பற்றி. கம்பத்தைச் சுற்றி இரு பாதியாகப் பொருந்தி, நடுப்பிளவு வெல்க்ரோவால் மூடும், குறைந்தது 10 செ.மீ. தடிமன் உள்ளதுதான் மேட். யோகா விரிப்பும் 2, 3 செ.மீ. தடிமனுள்ள மடிப்பு விரிப்பும் மேட் இல்லை. நல்ல மேட்டும் சறுக்கி விழும் அடியைத்தான் குறைக்கும். தலைகுத்தாக விழுந்தால் கழுத்தைக் காப்பாற்றாது. அந்த வேலை ஸ்பாட் செய்பவருடையது. ஸ்பாட் செய்பவர் முதலில் 'தொடலாமா?' என்று கேட்பார். முதுகுப் பக்கமாக நின்று, ஒரு கையை இடுப்புக்கும் மறு கையைத் தோள் அல்லது மேல்முதுகுக்கும் வைப்பார். கணுக்காலைப் பிடித்து மேலே இழுப்பவர் உதவுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் பிடியைக் கெடுக்கிறார். அப்படி ஒருவர் வந்தால் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூட வந்த மாணவர் ஸ்பாட் செய்யலாமா என்றால், ஆசிரியர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும்.

ஒரு கம்பத்துக்கு இரண்டு பேர் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அவர் செய்யும் நேரம் உங்கள் முன்கைக்கு ஓய்வு. தனிக் கம்பம் கிடைத்தவர்கள்தான் ஓயாமல் முயன்று நாற்பதாவது நிமிடத்தில் பிடி விட்டுப்போய் நிற்பார்கள். கடினமானதை வார்ம்-அப் முடிந்த முதல் இருபது நிமிடத்துக்குள் செய்துவிடுங்கள். இறங்கும்போதெல்லாம் கம்பத்தைத் துடைத்துவிட்டு விலகுங்கள். உயரத்தில் ஒருவர் இருக்கும்போது அவருக்கு அடியில் நடக்காதீர்கள்.

சில சின்ன விஷயங்கள். வகுப்பு ஸ்போர்ட் பாணியா, ஹீல்ஸ் போட்டு ஆடும் எக்ஸாட்டிக் பாணியா என்று முன்பே கேளுங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் நடந்தாலும் வேண்டிய பொருள்கள் வேறு. பின்னதற்கு முழங்கால் பட்டை இல்லாமல் போகாதீர்கள், ஏழு எட்டு அங்குல ஹீல்ஸை முதல் நாளே மாட்டவும் வேண்டாம். இந்த நடனம் ஸ்ட்ரிப் கிளப்புகளில் வளர்ந்தது. அதை இழிவாகப் பேசும் நகைச்சுவை ஸ்டூடியோவுக்குள் எடுபடாது. வீடியோ எடுக்க வேண்டும் என்றால் பின்னணியில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கனமான சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கர்ப்பம், கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் தோள் அறுவைச் சிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தலைகீழ் வேண்டாம்.

மறுநாள் தொடையின் உட்புறத்திலும், பாதத்தின் மேலும், முழங்கால் மடிப்பிலும் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். பூச்சு வேறான கம்பம் என்பதால் எட்டு மாதம் பழகியவருக்கும் வரும், ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போது குத்தும் வலி, முழங்கையின் உட்பக்கம் தொட்டாலே வலி, விரல்களில் மரமரப்பு, இவை காயத்தின் அறிகுறிகள்; அடுத்த வகுப்பைத் தள்ளிப்போட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

முதல் வகுப்பு முடிந்த கையோடு பத்து வகுப்புத் தொகுப்பை வாங்கச் சொல்வார்கள், தள்ளுபடியும் காட்டுவார்கள். வேறொரு ஆசிரியரின் வகுப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள். மிக்ஸட் வகுப்பின் தரம் ஸ்டூடியோவைவிட ஆசிரியரைப் பொறுத்தது. வாங்கும்போது காலாவதித் தேதி, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் வகுப்பு கழியாது, ஓப்பன் போல் எனப்படும் சுயபயிற்சி நேரம் தொகுப்பில் சேருமா என்று கேளுங்கள். வாரம் ஒரு மிக்ஸட் வகுப்பும் ஒரு மணி நேரச் சுயபயிற்சியும் கிடைத்தால் உங்களுக்கு அதுவே நல்ல ஏற்பாடு. வகுப்பில் புதியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இடது பக்கத்தைச் சுயபயிற்சியில் செய்யலாம். தலைகீழாகப் போகும் எதையும் அந்த நேரத்தில் தனியாகச் செய்யாதீர்கள். ஸ்பாட் செய்யத் தெரிந்த ஒருவர் அறையில் இருக்கும் நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.